அல்லாஹ்ட கையில

மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவ அறம் பற்றிப் பேசுவதற்காக வருடத்தில் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் ஓய்வு பெற்ற குழந்தை வைத்தியன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவன். பேச்சு முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், உங்களுக்கு இதில எப்பிடி ஆர்வம் வந்த?" என்று கேட்கும். வெளிநாட்டில் ஓராண்டு பயிற்சிக்குப் போனபோது அங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். தன்னாட்சி, நன்மை, தீங்கு செய்யாமை, நீதி என்று நாலு சொற்களைப் பலகையில் எழுதுவேன். எல்லோரும் அவற்றை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

அது பொய்யல்ல. ஆனால் என் ஆர்வம் அங்கே வந்ததல்ல. ஒரு சோத்துப் பார்சலில் வந்தது. அதைச் சொன்னால் மாணவர்கள் எங்கே எழுதுவார்கள்? அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணும் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இளம் வைத்தியர்கள் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். அதற்காக நான் சண்டை பிடிக்காத ஆள் எங்கள் பிரிவில் இருந்ததில்லை. குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. வேகமாக நாலு விடும், நிறுத்தும், யோசிக்கிற மாதிரி இருக்கும், பிறகு இரண்டு விடும். கால் நிமிடத்தில் அந்த நிறுத்தம் அகப்படாது. முப்பது வருடம் இப்படி எண்ணியவனுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. மாடிப்படி, யன்னல் கொளுக்கி, காஸ் சிலிண்டரின் திருகு, இரவுக் குளிசை எல்லாவற்றையும் எண்ணுகிறேன். என் மனைவி சொல்வாள்: "படி கூடவும் மாட்டா, குறையவும் மாட்டா. ஏறி வாங்க." வீடு அவளுடையது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நிந்தவூரில் அந்த வீட்டுக்குப் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் யன்னல் கொளுக்கியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை போதாது.

நான் ஓய்வு பெறும் முன் கடைசியாக வேலை செய்த ஆஸ்பத்திரி கல்முனைப் பக்கம். எங்கள் பிரிவில் நாலு கட்டில்கள், நாலு சுவாச இயந்திரங்கள். மிசின் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நாலில் ஒன்று எப்போதும் திருத்தத்துக்குப் போயிருக்கும். பெற்றோருடன் தனியாகப் பேச அறை இல்லை. நான் பயிற்சி எடுத்த நாட்டில் அதற்கென்று ஒரு அறை, அதில் மெத்தைக் கதிரை, மேசையில் கண்ணீர் துடைக்கும் தாள். எங்களுக்கு மாடிப்படியின் நடுத்தளம். ஒரு பக்கம் ஒக்ஸிஜன் சிலிண்டர்கள், மறுபக்கம் உட்கார ஒரு வாங்கு, தலைக்கு மேலே சத்தம் போடும் ஒரு விசிறி. எத்தனையோ பேருக்கு அவர்களுடைய பிள்ளை தப்பாது என்று அந்த விசிறியின் கீழே நின்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சொன்னேன் என்பது சரியா? எங்கள் கரையோரத்தில் அதைச் சொல்வதற்கு ஒரு வழக்கமான வசனம் இருந்தது. "நாங்க செய்யிறதெல்லாம் செஞ்சிட்டம். இனி அல்லாஹ்ட கையில." நான் அதைச் சொன்னால் எதிரே நிற்பவர்கள் தலையைக் குனிவார்கள். பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வார்கள். ஆண்களில் ஒருவர் மெல்ல ஒதுங்கிக் கைத்தொலைபேசியில் பள்ளிவாசலுக்குக் கோல் எடுப்பார். மௌத்து, அதாவது மரணம், என்ற சொல்லை நான் சொல்லவும் மாட்டேன், அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். அது ஒரு மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். என்னுடைய நரைத்த தாடியும் தொங்கிய முகமும் வசனத்தின் பாதி வேலையைச் செய்தன என்பது எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் எங்களிடம் ஒரு இளம் வைத்தியர் வந்தார். சிங்களவர், மலைநாட்டுப் பக்கம். வந்த கிழமையிலேயே தமிழ் பழகத் தொடங்கிவிட்டார். புத்தகத்தில் அல்ல, காதால் பொறுக்கினார். ஒரு மாதத்தில் "ராத்தா, சோறு திண்டதா?" என்று பிள்ளைகளின் உம்மாமாரைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். சனங்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம். மருந்தை நான் எழுதினாலும் அவர்தான் எழுதினார் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் ஒரு பையனின் காலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மூத்தவாப்பாவிடம், "பயப்பட வேணாம், நாளைக்கு மௌத்துவம்" என்று சொல்லிவிட்டார். மாத்துவம் என்று சொல்ல வந்தது. கிழவர் அந்த இடத்திலேயே குந்திவிட்டார். தாதிமார் ஓடி வந்து விளக்கம் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். கிழவருக்கு விளங்கியதும் ஒரே சிரிப்பு. "மாத்தயா, கட்டை மட்டும் மௌத்தாக்குங்க, புள்ளைய விட்டிருங்க" என்றார். கதை ஆஸ்பத்திரி முழுவதும் போய்விட்டது. கன்டீனில் தேத்தண்ணி ஊற்றுகிறவன்கூட, "டொக்டர், கோப்பைய மௌத்தவா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் மூத்த தாதி அவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "டொக்டர், அந்தச் சொல்ல இனி உங்கட வாயால எடுக்கவே வேணாம். நிலைமை மோசம் எண்டா, இனி அல்லாஹ்ட கையில எண்டு மட்டும் சொல்லுங்க. எல்லாருக்கும் விளங்கும்."

அவர் அந்த வசனத்தை நன்றாகப் பாடமாக்கினார். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

அந்தப் பிள்ளை அதே வருடம்தான் வந்தது. நாலு வயதுப் பெண் பிள்ளை, எங்கள் நிந்தவூர். மூளைக் காய்ச்சல். வலிப்பு நிற்கவில்லை, மூச்சு தடுமாறியது, மிசினில் வைத்தோம். தகப்பனுக்குக் கல்முனைச் சந்தையில் மரக்கறிக் கடை. வாய் ஓயாத மனிதர். தாய் அதற்கு நேர்மாறு. படியின் நடுத்தளத்தில் இருந்த வாங்கை விட்டு எழும்பவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகவில்லை. என்னைக் கண்டால் ஒரு கேள்விதான்.

"டொக்டர், மிசின் மூச்சு விடுதா, புள்ள விடுதா?"

இப்படி என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை. பிள்ளை எப்படி, சுகமாகுமா, இதைத்தான் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. "நிமிசத்துக்கு மிசின் இருவது குடுக்குது. அதுக்கு மேல புள்ள தானா எட்டு எடுக்குது" என்றேன். அவள் எட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாள் கேட்டபோது ஆறு. அதற்கு மறுநாளும் ஆறு. மிசினின் திரையில் ஒரு இலக்கம் ஓடும். நான் அதை நம்புவதில்லை. குழாயில் தண்ணீர் தேங்கி ஆடினால் அதையும் மூச்சு என்று மிசின் எண்ணும். பிள்ளையின் நெஞ்சைப் பார்த்து நானே எண்ணித்தான் சொல்வேன். அவளுக்கு அது தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, என் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதற்கடுத்த நாள் காலை அம்பாறையில் எனக்கு ஒரு கூட்டம். பத்து மணியளவில் இளம் வைத்தியர் கோல் எடுத்தார். பிள்ளையின் கண்மணிகள் விரிந்துவிட்டன, வெளிச்சம் அடித்தால் சுருங்கவில்லை, தொண்டைக் குழாயை அசைத்தால் இருமல் வரவில்லை என்றார். எனக்கு விளங்கியது. நிலைமை மிக மோசம் என்பதை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள், மிச்சத்தை நான் வந்து கதைக்கிறேன் என்றேன். கூட்டத்தை இடையில் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். ஆனால் வழியில் பஸ் ஒன்று வயலுக்குள் இறங்கிக் கிடந்ததால் பாதை அடைத்துவிட்டது. நான் வந்து சேரப் பின்னேரம், அஸர் பாங்கு சொல்லும் நேரம்.

படியேறும்போது முதலில் கண்ணில் பட்டது அந்த வாங்கு. வெறுமையாகக் கிடந்தது.

"உம்மா எங்க?" என்று மூத்த தாதியைக் கேட்டேன்.

"வீட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க சேர். எல்லாருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. என்ன சந்தோசமோ தெரியா" என்றார்.

நான் பிள்ளையிடம் போனேன். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். ஒன்று. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, கொடுக்கக்கூடிய உச்ச அளவில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் மஃரிபைத் தாண்டாது என்று மனதில் பட்டது.

வெளியே வந்தபோது தகப்பன் படியேறி வருகிறார். இரண்டு கையிலும் பெரிய பைகள், நிறையச் சோத்துப் பார்சல். பின்னால் பிள்ளையின் மாமா, அதாவது தாயின் காக்கா. வயல் செய்கிறவர். வட்டையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சாரத்தின் ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர்! பிஸ்மி சொல்லிப் பிடியுங்க. முதல் பார்சல் உங்களுக்கு" என்று தகப்பன் ஒன்றை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"இது என்ன?"

"நேர்ச்சைச் சோறு. புள்ள கண் முழிச்சா ஆக்கி, ஏழை எளியதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடுக்கிற எண்டு புள்ளட உம்மா நேர்ந்திருந்தா. கண் முழிக்கிற மட்டும் ஏன் பாத்துக் கொண்டிருப்பான்? முந்தியே குடுப்பம் எண்டு நான்தான் சொன்ன. இன்னும் ஒரு கிடாரம் அடுப்பில கிடக்கு. அவதான் நிண்டு ஆக்கிறா."

"ஆர் சொன்ன, புள்ள கண் முழிக்கும் எண்டு?"

"நம்மட சின்ன டொக்டர்தான். இனி அல்லாஹ்ட கையில எண்டார்."

அவருக்கு என் முகம் விளங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, எனக்கு ஒரு இரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "நம்மட ஆக்கள் சொன்னா அது வாய்ப்பேச்சு டொக்டர். வாய் திறந்தா அல்லாஹ் எண்டுதானே வரும். இவர் சிங்கள மாத்தயா. இவர்ர வாயாலேயே அந்தப் பேர் வந்திட்டு. உள்ளுக்க ஒண்ட காணாம அது வருமா? நான் அவர்ர கையப் பிடிச்சுக் கொஞ்சிட்டன்."

"உம்மா என்ன சொன்னா?"

"அவ வழமை போல எத்தனை எண்டு கேட்டா. சேர்தான் எண்ணுற, சேர் வந்து சொல்லுவார் எண்டு சின்ன டொக்டர் சொன்னார். நான்தான் எண்ணிக்கையும் மண்ணாங்கட்டியும், வா சோறாக்குவம் எண்டு கூட்டிட்டுப் போன."

நான் வாங்கில் அவர்களை இருக்கச் சொன்னேன். பார்சலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். பிள்ளையின் மூளை போய்விட்டது என்று சொன்னேன். இதயம் இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நிற்கும் என்று சொன்னேன். தகப்பன் பைகளை வாங்கின் கீழே வைத்தார்.

"அப்ப அந்த டொக்டர் பொய்யா சொன்ன?"

"பொய் இல்ல. நானும் அதைத்தான் சொல்லுற. நான் சொல்லியிருந்தா உங்களுக்கு வேற மாதிரி விளங்கியிருக்கும்."

"நீங்களும் அதைத்தான் சொல்லுறீங்க எண்டா, அல்லாஹ்ட கையில இரிக்கித்தானே? பொறகென்ன? கொழும்புக்கு அனுப்புங்க. நான் வேனப் பிடிக்கன்."

"மச்சான், சும்மா இரி" என்றார் மாமா. அவர் முதல் தடவையாக வாய் திறந்தார். "டொக்டர், வேனில கொண்டு போனா?"

"இதயம் பாதையிலயே நிண்டுரும்."

மாமா எழும்பி ஒக்ஸிஜன் சிலிண்டர்கள் வரை நடந்தார். திரும்பி வந்து சொன்னார்: "அப்ப ஒண்டு செய்வம். தங்கச்சி அங்க சோறாக்கட்டும். அவக்கு ஒண்டும் சொல்ல வேணாம். எல்லாம் முடிஞ்ச பொறகு மையித்த வீட்ட கொண்டு வருவம். ராவைக்கு இஷாவுக்குப் பொறகு அடக்கிரலாம். பொம்புள, இத நிண்டு பாக்க ஏலா."

தகப்பனும் தலையை ஆட்டினார். "ஓம், அதுதான் சரி. என்ன எண்டாலும் நான் ஒப்பம் வைக்கன்."

இங்கேதான் என் நாலு சொற்களும் எனக்கு உதவவில்லை. தன்னாட்சி என்றால் யாருடையது? சட்டத்தில் தகப்பன் ஒப்பம் வைக்கலாம். ஊர் வழக்கில் தாயின் வீட்டுக் காரியத்துக்கு மாமா சொல்வதுதான் சொல். இருவரும் ஒரே முடிவு. இருவரும் அவள்மேல் உள்ள இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். நான் இந்த ஊர் மனிதன், மாமாமார் வாய் திறந்த பிறகு மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன். வேறொரு பிள்ளை அந்த மிசினுக்குக் காத்துக்கொண்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கணக்கு முடிவைச் சொல்லியிருக்கும், அவசரத்தைக் காட்டி எல்லாவற்றையும் ஒப்பேற்றியிருக்கலாம். அன்று யாரும் காத்திருக்கவில்லை. நாலாவது கட்டில்கூடச் சும்மா கிடந்தது.

"உங்கட தங்கச்சி என்னட்ட ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேக்கிறவ" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அதைக் கேட்டதில்ல. இண்டையப் பதில் என்னட்ட இரிக்கி. அது அவட பதில். அவக்கு முந்தி உங்களுக்குச் சொன்னதே பிழை. புள்ள உயிரோட இரிக்கக்குள்ள அவ வரணும்."

"கேட்டா விழுந்திருவா டொக்டர்."

"விழுந்தா தூக்க ஆள் இரிக்கி. இது ஆஸ்பத்திரி."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. சேட்டுப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். "வா எண்டு மட்டும் சொல்லுவன். வேற ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார்.

மணி அடித்தது. அவள் எடுத்தாள். அவளுடைய குரலுக்குப் பின்னால் பாத்திரங்களின் சத்தமும் பெண்களின் பேச்சும் எனக்கே கேட்டன.

"தங்கச்சி, ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வா. ஓட்டோ அனுப்பவா?... இல்லகா, ஒண்டும் இல்ல. சும்மா வா... ஓம், பெரிய டொக்டர் வந்திட்டார். இஞ்சதான் நிக்கிறார்."

பிறகு அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"எத்தனையாம் எண்டு கேக்கா."

நான் சொன்னேன். "ஒண்டு."

அவர் தொலைபேசியைக் காதில் வைத்தார். "ஒண்டாம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு யாருக்கோ அவள் சொல்வது கேட்டது: "அடுப்ப அணைங்க."

அவள் வந்து சேர அரை மணித்தியாலம் ஆனது. விழவில்லை. கைகளில் நெய்யும் ஏலமும் மணத்தன, விரல் நுனிகளில் மஞ்சள். மூத்த தாதி கையைக் கழுவக் கூட்டிப் போனார். கழுவிவிட்டு வந்து கட்டிலின் பக்கத்தில் நின்றாள்.

"தூக்கலாமா?"

எங்கள் பிரிவில் மிசினில் இருக்கும் பிள்ளையை யாரும் தூக்கியதில்லை. குழாய் கழலும், ஊசி கழலும் என்று தாதிமார் விடமாட்டார்கள். நானும் விட்டதில்லை. குழாய் கழன்றால் இனி என்ன நடந்துவிடும் என்று அன்றுதான் என்னை நானே கேட்டேன். ஒரு கதிரையைக் கொண்டு வந்தோம். இளம் வைத்தியர் பிள்ளையைத் தூக்கினார், தாதி குழாயைப் பிடித்தார், நான் ஊசி வயர்களைப் பிடித்தேன். மடியில் வைத்தோம். தகப்பன் கதிரைக்குப் பின்னால் நின்று யாசீன் ஓதத் தொடங்கினார். அந்த வாய் ஓயாத மனிதரின் குரல் அவ்வளவு மெலிதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன். "இதயம் நிக்கக்குள்ள நெஞ்ச அமத்தி ஓட்டப் பாக்கலாம். விலா முறியும். ஓடினாலும் கொஞ்ச நேரம்தான். புள்ள திரும்ப மாட்டா. மௌத்தாகிருவா."

அந்தச் சொல்லைப் பெற்றவளின் முகத்தைப் பார்த்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமா வேறு பக்கம் திரும்பினார். அவள் திரும்பவில்லை.

"முறிக்க வேணாம்" என்றாள்.

பிறகு நிமிர்ந்து இளம் வைத்தியரைப் பார்த்தாள். அவர் இதற்குள் எல்லாவற்றையும் தாதியிடம் கேட்டு அறிந்திருந்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே மகன் காலையில சொன்ன, அல்லாஹ்ட கையில எண்டு?"

"ஓம் ராத்தா. நான்... நான் சொல்ல வந்தது அது இல்ல. மன்னிக்க வேணும். எனக்குப் பாஷை..."

"இல்ல. சரியாத்தான் சொல்லிரிக்கீங்க. குடுக்கிற கையா, எடுக்கிற கையா எண்டு நாங்கதான் கேக்கல்ல."

அவர் அழுதார். அவள் அழவில்லை. பிள்ளையின் காதுக்குள் கலிமாவைச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். அது எங்களுக்குக் கேட்கும்படியாக இருக்கவில்லை, நாங்களும் கேட்க முயலவில்லை. நான் வேறு மருந்து எதையும் சேர்க்கவில்லை. மிசினின் அபாயச் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். யன்னலுக்கு வெளியே பிரதான வீதியில் பஸ்கள் கல்முனைச் சந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு போயின.

மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி அவள் சொன்னாள்: "டொக்டர், இனி எண்ணாதீங்க."

என் உதடு அசைந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் மையித்தை எடுத்துக்கொண்டு போன பிறகு படியின் நடுத்தளத்துக்கு வந்தேன். இரண்டு பைகளும் வாங்கின் கீழே அப்படியே இருந்தன. போகும்போது மாமா திரும்பி நின்று சொல்லியிருந்தார்: "நேர்ந்தது நேர்ந்ததுதான் டொக்டர். கொட்டிராதீங்க. சாப்பிடுங்க." தாதிமாரால் முடியவில்லை. வாட்டில் துணைக்கு நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். மிஞ்சியதில் இரண்டை எடுத்துக்கொண்டு நானும் இளம் வைத்தியரும் அந்த வாங்கில் இருந்தோம். நெய்ச்சோறு, ஆறிப்போன கோழிக்கறி, கொஞ்சம் கத்தரிக்காய்ப் பொரியல். உப்பு சரியாக இருந்தது. வேறொருத்தி இப்படி ஒரு நாளில் இவ்வளவு சரியாக உப்புப் போட்டிருப்பாளா என்று நினைத்தேன். பிறகுதான், அவள் அதை ஆக்கியபோது பிள்ளை சுகமாகப் போகிறது என்று இருந்தாள் என்பது நினைவு வந்தது. வாயில் இருந்த சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்கினேன்.

"சேர், நான் என்ன சொல்லியிருக்க வேணும்?" என்று அவர் கேட்டார்.

"புள்ள மௌத்தாகப் போகுது எண்டு சொல்லணும்."

"அந்தச் சொல் எனக்கு வராது சேர். எல்லாரும் சிரிப்பாங்க."

"வரும். சொல்லுங்க."

"மாத்து."

"இல்ல. மௌத்து."

"மவுத்து."

"இன்னும் ஒருக்கா."

சோற்றுக் கையோடு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பாங்கு பழக்குகிறவரைப் போலத் திருத்திக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டு படியேறி வந்த கன்டீன் பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தட்டை வைத்த வேகத்தில் இறங்கி ஓடினான். பதினோராவது தடவை சரியாக வந்தது. பிறகு முழு வசனத்தையும் சொல்லவைத்தேன். அவர் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சொன்னேன். எனக்கும் அது பழக்கமில்லாத வசனம்தான்.

இப்போது மாணவர்களுக்குப் பேசப் போகும்போது நாலு சொற்களையும் பலகையில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு வசனத்தை அவரவர் தாய்மொழியில் சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன்: உங்கள் பிள்ளை இறந்துவிடும். ஏன் என்று விளக்குவதில்லை. முதல் தடவை சிரிப்பார்கள், இரண்டாம் தடவை ஒருவரையொருவர் பார்ப்பார்கள். போன முறை மண்டபத்தில் அறுபத்திரண்டு பேர். நான் கேட்கும்படி சொன்னவர்கள் பதினேழு.